மெஷின் திருட்டுப் போனது, அடி வாங்கியது என் கடைப் பையன்

மும்பையில் சயான் கோலிவாடா, ஆன்டாப் ஹில், தாராவி என்று நம் ஆட்கள் நெருங்கி வாழும் பகுதியில் ஒரு சின்னத் தையல் கடை நடத்துகிறேன். கடை என்றால் பத்துக்குப் பதினெட்டு அடி அறை. பள்ளிச் சீருடைதான் முக்கிய வேலை. 2024 ஆகஸ்ட் 27ஆம் தேதி தஹி ஹண்டி, நம் ஊர் உறியடி மாதிரி. தெருவில் ராத்திரி வெகுநேரம் வரை மேளமும் பாட்டும். மறுநாள் காலை கடைக்குப் போனால் ஷட்டரின் ஒரு பக்கத்தை நெம்பித் தூக்கியிருந்தார்கள். மேஜைகளையும் மோட்டார்களையும் விட்டுவிட்டு மூன்று ஜூகி கம்பெனி தையல் மெஷின் தலைகளைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஓவர்லாக் மெஷின், துணி வெட்டும் மெஷின், தைத்து மடித்து வைத்திருந்த 140 சட்டை, எதுவும் இல்லை. என் கணக்கில் 1,42,000 ரூபாய். இந்த இழப்பைவிடப் பெரிய ஒன்று பிறகு நடந்தது. அதில் என் பங்கும் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். எனக்கு முன்பே யாராவது சொல்லியிருந்தால் நான் அப்படிச் செய்திருக்க மாட்டேன்.

முதலில் செய்த தவறு சின்னது. கீழே சிதறிக் கிடந்த துணியைப் பார்க்கப் பொறுக்காமல் கூட்டிப் பெருக்கிவிட்டேன். உடைந்த பூட்டைக்கூடத் தூக்கி ஓரமாக வைத்தேன். கைரேகை எடுக்க ஆள் வந்திருந்தாலும் எதுவும் மிஞ்சியிருக்காது. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். வாசலில் நின்றபடியே போனில் வீடியோ எடுங்கள், 112க்குக் கூப்பிடுங்கள். அந்த அழைப்புக்கு நேரத்தோடு ஒரு பதிவு இருக்கும். "நீங்க அன்னிக்கே சொல்லலையே" என்று பிறகு யாரும் சொல்ல முடியாது.

காவல் நிலையத்தில் டியூட்டியில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "தாயி, ஒரு அர்ஜ் எழுதிக் கொடுங்க, பார்க்கிறோம்" என்றார். மராத்தியில் தாயி என்றால் அக்கா. நம் காதுக்கு அது வேறு மாதிரி விழுகிறது, கேட்டதும் மனம் இளகிவிடும். நானும் மனு எழுதிக் கொடுத்து, அதன் நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதுதான் எஃப்.ஐ.ஆர். என்று மூன்று நாள் நம்பிக்கொண்டிருந்தேன். கடைக் காப்பீட்டு ஏஜென்ட் அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது வெறும் மனு, இதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது" என்றபோது எனக்குக் கால் நடுங்கியது. அர்ஜ் வேறு, என்.சி. வேறு, எஃப்.ஐ.ஆர். வேறு. அர்ஜ் என்பது நம் மனு, அவ்வளவுதான். என்.சி. என்பது நீதிமன்ற அனுமதி இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத சின்னக் குற்றங்களுக்கான பதிவு. பூட்டை உடைத்துத் திருடியதற்கு எஃப்.ஐ.ஆர்.தான் போட வேண்டும். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது தெரியாமல் நான் நான்கு முறை போய் நின்றேன். இன்று சாஹேப் இல்லை, நாளைக்கு வாருங்கள், திரும்பவும் இன்று சாஹேப் இல்லை.

கடைசியில் செம்பூரில் இருக்கும் என் சித்தப்பா மகன்தான் வழி சொன்னான். அவன் ஒரு வக்கீல் ஆபீசில் குமாஸ்தா. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய் பி.என்.எஸ்.எஸ். என்ற புதுச் சட்டம் வந்திருக்கிறது. அதில் 173ஆம் பிரிவு எஃப்.ஐ.ஆர். பற்றியது. நிலையத்தில் பதிய மறுத்தால் புகாரை எழுத்தில் மேலதிகாரிக்கு அனுப்பலாம். மும்பையில் அது உங்கள் பகுதியின் துணை ஆணையர், அதாவது ஜோன் டி.சி.பி. அங்கேயும் நடக்கவில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பினேன். செலவு நூறு ரூபாய்கூட ஆகவில்லை. செப்டம்பர் 4ஆம் தேதி, எட்டாவது நாள், நிலையத்திலிருந்தே கூப்பிட்டு எஃப்.ஐ.ஆர். பதிந்தார்கள்.

அங்கேயும் அவசரப்பட்டேன். நான் ஏழாவது வரை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். மராத்தி நன்றாகப் பேசுவேன், படிக்க நேரமாகும். அடித்து நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து என் மகள் படித்துக் காட்டும்போதுதான் தெரிந்தது, திருட்டுப் போன பொருளின் மதிப்பு 60,000 ரூபாய் என்று எழுதியிருக்கிறது. மெஷின் நம்பர் ஒன்றுகூட இல்லை. "பழைய மெஷின்தானே" என்று அவர்களே குறைத்துப் போட்டிருக்கிறார்கள். இதைச் சரிசெய்ய பில்களோடு திரும்பப் போய் புரவணி ஜபாப், அதாவது கூடுதல் வாக்குமூலம், கொடுக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. கையெழுத்துக்கு முன் படித்துக் காட்டச் சொல்வது நம் உரிமை. ஒரு நகல் இலவசமாகத் தர வேண்டும். மொழி தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். மெஷினோ வண்டியோ எதுவானாலும் அதன் நம்பரை இன்றைக்கே போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனிமேல் சொல்லப்போவதுதான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது. செப்டம்பர் 7 கணபதி. மும்பையில் இருப்பவர்களுக்குத் தெரியும், கணபதி வந்துவிட்டால் போலீஸ் எல்லாம் பந்தோபஸ்துக்குப் போய்விடும். என் வழக்கைப் பார்க்கும் பி.எஸ்.ஐ., அதாவது சப் இன்ஸ்பெக்டர், பத்து நாள் கண்ணிலேயே படவில்லை. 17ஆம் தேதி விசர்ஜனம் முடிந்து ஒருநாள் பார்த்தேன். கண்ணெல்லாம் சிவந்து, நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மேசையில் கோப்பு அடுக்கி வைத்திருந்தது. அதில் என்னுடையது எத்தனையாவதோ. அன்றைக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. பள்ளிக்கூட ஆர்டர் கைவிட்டுப் போயிருந்தது. நகையை அடகு வைத்து 60,000 ரூபாய்க்குப் பழைய மெஷின்கள் வாங்கியிருந்தேன். அந்தக் கோபத்தில் எங்கள் பக்கத்துக் கட்சிக்காரர் ஒருவரிடம் போனேன். "அண்ணாச்சி, ஒரு வார்த்தை சொல்லுங்க, கொஞ்சம் வேகமாப் பார்க்கட்டும்" என்றேன். என் முன்னாலேயே போன் போட்டார். வெளியே வரும்போது பெரிய காரியம் சாதித்த மாதிரி இருந்தது.

செப்டம்பர் 23ஆம் தேதி ராத்திரி பத்தரை மணிக்கு என் கடையில் வேலை பார்க்கும் பையனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பத்தொன்பது வயது. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா இல்லை. கடைச் சாவி அவனிடம் ஒன்று உண்டு. போலீஸ் வந்து கடையைப் பார்த்து, சாட்சிகளை வைத்து எழுதிய பஞ்சநாமா அன்று "வேலைக்கு யார் யார் இருக்காங்க" என்று கேட்டபோது பெயரும் நம்பரும் எழுதிக் கொடுத்தது நான்தான். ஷட்டரை நெம்பித்தான் திறந்திருக்கிறார்கள், சாவி வைத்திருப்பவன் எதற்கு நெம்ப வேண்டும்? ஆனால் மேலே இருந்து போன் வந்துவிட்டது, ஏதாவது செய்ததாகக் காட்ட வேண்டும். யாரைத் தொட்டால் கேட்க நாதியில்லையோ அவனைத் தொட்டார்கள்.

அவன் அம்மா என் வீட்டுக் கதவைத் தட்டியபோது மணி பதினொன்று. "சாத்தான்குளத்துல செஞ்ச மாதிரி செஞ்சிருவாங்களா?" என்று கேட்டார். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் அப்பாவையும் மகனையும் போலீஸ் அடித்த அடியில் இரண்டு பேருமே செத்துப்போனதை எங்கள் பக்கத்து ஜனங்கள் மறக்கவில்லை. எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. ராத்திரி முழுக்க நிலையத்து வாசலில் நின்றோம். "சும்மா விசாரணைதான்" என்றார்கள். கைதா என்று கேட்டால் இல்லை என்றார்கள். அப்படியானால் அனுப்புங்கள் என்றால் சாஹேப் வரட்டும் என்றார்கள். விடிந்ததும், இந்தப் பையன்மேல் எனக்குச் சந்தேகம் இல்லை, நான் அப்படிச் சொல்லவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். வாங்க மறுத்தார்கள். சித்தப்பா மகன் ஒரு வக்கீலம்மாவைக் கூட்டி வந்தான். அவர் டி.சி.பி. அலுவலகத்துக்கு, எத்தனை மணிக்குக் கூட்டிப் போனார்கள் என்று நேரம் குறித்து மின்னஞ்சல் அனுப்பினார். சாயங்காலம் ஆறரைக்கு அவனை வெளியே விட்டார்கள். இருபது மணி நேரம். எந்தப் பதிவேட்டிலும் அவன் பெயர் இல்லை. உள்ளங்கால் இரண்டும் வீங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தான். என்னைப் பார்த்து, "நான் எடுக்கலக்கா" என்றான். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக இல்லை.

அன்று ராத்திரி எனக்குத் தெரியாததை நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு போனால் முதலில் கேட்க வேண்டியது, இது கைதா, நோட்டீஸா? ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் காரணம் எழுதாமல் கைது செய்யக் கூடாது. கைது தேவையில்லை என்றால் பி.என்.எஸ்.எஸ். 35ஆம் பிரிவில் நோட்டீஸ் கொடுத்து அழைக்க வேண்டும். 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாகச் சொன்னது. கைது என்றால் அதற்கு ஒரு குறிப்பாணை எழுதி, குடும்பத்துக்குத் தெரிவித்து, இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். கைது செய்யும்போது போலீஸ் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் டி.கே. பாசு வழக்கின் விதிகளை நிலையத்துச் சுவரில் நீங்களே பார்க்கலாம். பெண்களையும் அறுபது வயது தாண்டியவர்களையும் சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் அவர்கள் வீட்டுக்குத்தான் வர வேண்டும், நிலையத்துக்குக் கூப்பிடக் கூடாது. நிலையங்களில் கேமரா வைத்து, பதிவைப் பதினெட்டு மாதம் வரை, குறைந்தது ஒரு வருடமாவது, பாதுகாக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் ஒரு தீர்ப்பு உண்டு. அதைச் சொல்லி, இந்தத் தேதி, இந்த நேரத்துப் பதிவை அழிக்காதீர்கள் என்று மறுநாளே எழுதிக் கொடுங்கள். வக்கீலம்மாவுக்கு 12,000 ரூபாய் ஆனது. அவர் செய்ததற்கு அது அதிகமே இல்லை. ஆனால் வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம் என்று பிறகு அவரேதான் சொன்னார். இன்னொன்று, புகார் கொடுக்கும்போதே, யார்மேலும் சந்தேகம் இல்லை என்றால் அதை வாக்குமூலத்தில் எழுதச் சொல்லுங்கள். நான் வாயால்தான் சொன்னேன், எழுத வைக்கவில்லை.

பையனை அப்படியே சயான் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். எப்படி அடிபட்டது என்று மறைக்காமல் சொன்னோம், கேஸ் பேப்பரில் எழுதினார்கள். மகாராஷ்டிராவில் போலீஸ் மீதான புகாரை விசாரிக்க மாநிலப் புகார் ஆணையம் ஒன்று இருக்கிறது. விதிமுறை இல்லாமல் பிடித்து வைத்ததும் அது விசாரிக்கக்கூடிய விஷயம்தான். நான் மனு எழுதத் தயாராக இருந்தேன். அவன் அம்மா வேண்டாம் என்றுவிட்டார். "நாளைக்கும் நாங்க இதே தெருவுலதானே தங்கச்சி இருக்கணும்?" என்றார். நான் வற்புறுத்தவில்லை. ஏற்கெனவே அவரைக் கேட்காமல் நான் எடுத்த ஒரு முடிவுதான் அவர் பிள்ளைமேல் போய் விழுந்தது. அடுத்த மாதமே அவன் திருப்பூருக்குப் போய்விட்டான்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேர்தல் வந்தது, நவம்பர் 20 வாக்குப்பதிவு. முதல் அதிகாரி அதற்கு முன்பே மாறிப்போனார். அடுத்தவர் ஒன்றரை மாதத்தில் போனார். மூன்றாவதாக வந்தவர் என் கோப்பைத் திறந்து, "தஹி ஹண்டி ராத்திரி மெயின் ரோட்டில் போன டெம்போக்களைப் பார்த்தார்களா?" என்று கேட்டார். யாரும் பார்த்திருக்கவில்லை. கடைத்தெருக் கேமராக்களில் பெரும்பாலும் பழைய பதிவு அழிந்துபோயிருந்தது, ஒரு மருந்துக்கடைக்காரர் மட்டும் தன் கடைத் தகராறு ஒன்றுக்காக அந்த வாரப் பதிவை எடுத்து வைத்திருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு டிசம்பரில் குர்லா பக்கம் ஒரு பழைய மெஷின் கடையில் என் ஜூகி இரண்டைக் கண்டுபிடித்தார். யாரையும் அடிக்கவில்லை, யாரும் போன் போடவில்லை. உட்கார்ந்து யோசிக்க ஒருவருக்கு நேரம் கிடைத்தது, அவ்வளவுதான். போலீஸ் கைப்பற்றிய பொருளுக்கு இங்கே முத்தேமால் என்று பெயர், அதை நீதிமன்றத்தில் மனுப் போட்டு, பத்திரம் எழுதிக் கொடுத்து வாங்க ஒரு மாதம் ஆனது. பில்லும் மெஷின் நம்பரும் இருந்தால் கிடைக்கும். மற்றவற்றுக்குக் காப்பீட்டுக்காரர்கள் ஏ சம்மரி கேட்டார்கள். குற்றம் நடந்தது உண்மை, ஆள் கிடைக்கவில்லை என்று போலீஸ் நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் அறிக்கைக்கு இங்கே அந்தப் பெயர். 2025 மே மாதம் 58,000 ரூபாய் வந்தது. விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று தொண்ணூறு நாளுக்குள் புகார்தாரருக்குச் சொல்ல வேண்டும் என்பதும் புதுச் சட்டத்தில் இருக்கிறது. அதைச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், நேரில் போய் நிற்பது பாதியாகக் குறையும். நான் முப்பத்து நான்கு முறை போய் நின்றிருக்கிறேன்.

இதற்குப் பிறகுதான் போலீஸ் சீர்திருத்தம் என்ற பேச்சைக் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தேன். உத்தரப் பிரதேசத்தில் டி.ஜி.பி.யாக இருந்த பிரகாஷ் சிங் 1996இல் போட்ட வழக்கில் 2006 செப்டம்பர் 22ஆம் தேதி தீர்ப்பு வந்தது. ஏழு கட்டளைகள். குற்றத்தை விசாரிக்கும் ஆட்களையும் பந்தோபஸ்து பார்க்கும் ஆட்களையும் பிரிக்க வேண்டும் என்பது ஒன்று. நிலையப் பொறுப்பாளருக்கு இரண்டு வருடமாவது ஒரே இடத்தில் வேலை என்பது ஒன்று. அரசியல்வாதிகளின் தலையீட்டைத் தடுக்க மாநிலப் பாதுகாப்பு ஆணையம் என்பது ஒன்று. சித்தப்பா மகன் இதைப் படித்துச் சொன்னபோது என் நான்கு மாதத்தை யாரோ முன்கூட்டியே எழுதி வைத்தது போல இருந்தது. கணபதிக்காக நின்ற விசாரணை, மாறிக்கொண்டே இருந்த அதிகாரிகள், கட்சிக்காரரின் போன். மகாராஷ்டிரா 2014இல் தன் போலீஸ் சட்டத்தைத் திருத்தியிருக்கிறது. புகார் ஆணையம் அப்படி வந்ததுதான். சட்டத்தில் இருப்பது நிலையத்து மேசைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

ஜனவரியில் எங்கள் பகுதிச் சங்கத்தில் ஒரு கூட்டம் போட்டோம், சந்து முனையில் ஒரு போலீஸ் சௌகி, அதாவது சின்னக் காவல் சாவடி, கேட்கலாமா என்று. கடைக்காரர்கள் எல்லாரும் வேண்டும் என்றார்கள். பெண்களில் பாதிப் பேர் வேண்டும் என்றார்கள், ராத்திரி வேலை முடிந்து வருகிறவர்களுக்குத் தைரியமாக இருக்கும் என்று. பின்னால் நின்ற பையன்கள் வேண்டாம் என்றார்கள். "சௌகி வந்தா தினம் எங்களைத்தான் நிறுத்தி போனைப் பிடுங்கிப் பார்ப்பாங்க" என்றான் ஒருவன். ஒரு வருடம் முன்பு என்றால், தப்புச் செய்யாதவனுக்கு என்ன பயம் என்று கேட்டிருப்பேன். அந்தக் கேள்வியை இனி என்னால் யாரிடமும் கேட்க முடியாது. எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் எழுந்து, 92-93 கலவரத்துக்குப் பிறகு மும்பையில் வந்த மொஹல்லா கமிட்டிகளை, அதாவது தெருவாசிகளும் போலீஸும் சேர்ந்து உட்காரும் குழுக்களை, பற்றிச் சொன்னார். அதற்கும் முன்பே மும்பைக்குப் பக்கத்தில் இருக்கும் பிவண்டியில் சுரேஷ் கோப்படே என்ற போலீஸ் அதிகாரி தெருத் தெருவாக இந்துக்களையும் முஸ்லிம்களையும் காவலர்களோடு ஒன்றாக உட்கார வைத்தாராம். மும்பை எரிந்தபோது பிவண்டி அமைதியாக இருந்தது. "சண்டை வந்த பிறகு போலீஸ் முகத்தைப் பார்த்தா பயம்தான் வரும். சும்மா இருக்கும்போதே பேர் சொல்லிக் கூப்பிடத் தெரியணும்" என்றார். ஓய்வு பெற்ற ஹவால்தார் ஒருவரும் வந்திருந்தார், நம் ஊர்க்காரர்தான். பன்னிரண்டு மணி நேர டியூட்டி பார்த்த காலத்தைச் சொன்னார். 2016இல் ஒரு கான்ஸ்டபிள் தந்த யோசனையை வைத்துத்தான் மும்பையின் தேவ்னார் காவல் நிலையத்தில் எட்டு மணி நேர டியூட்டியைச் சோதித்துப் பார்த்தார்கள் என்றார். கணபதி முடிந்த அன்று நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தவரை நான் நினைத்துக்கொண்டேன்.

என் முறை வந்தபோது சௌகி பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. கட்சிக்காரருக்கு நான் போன் போடச் சொன்னதையும் மூன்றாம் நாள் நடந்ததையும் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். யார் வழக்காக இருந்தாலும் சிபாரிசு பிடிக்காமல் எழுத்தில் மேலதிகாரிக்குப் போவது, ராத்திரியில் யாரைக் கூட்டிப் போனாலும் உடனே இரண்டு பேர் நிலையத்துக்குப் போய் நேரத்தைக் குறித்துக்கொள்வது, இரண்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். மாதம் ஒருமுறை எங்கள் பகுதியில் ரோந்து வரும் பீட் காவலரைக் கூட்டத்துக்கு அழைப்பது என்றும் முடிவானது. சௌகி பற்றி முடிவு ஆகவில்லை. பையன்களையும் சேர்த்துப் பேசிவிட்டுத்தான் கேட்பது என்று தள்ளி வைத்திருக்கிறோம்.

போன மாதம் பையன் திருப்பூரிலிருந்து போன் செய்தான். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் ஓட்டுகிறானாம். நம்ம ஓவர்லாக் கிடைத்ததா என்று கேட்டான். இல்லை, ஜூகி இரண்டுதான் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த ஆஸ்பத்திரிப் பேப்பரை வெச்சிருக்கீங்கல்லக்கா?" என்று கேட்டான். இருக்கிறது, பத்திரமாக இருக்கிறது என்றேன். தீபாவளிக்கு வரும்போது அம்மாவிடம் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னான்.